பின்வாசல் வழியே காட்டுக்குள்

இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்துதான் தொடங்குவார்கள். புலி சுட்டவர்கள் காலப்போக்கில் கேமராவைத் தூக்கினார்கள், பிறகு சரணாலயம் கேட்டு மனுப் போட்டார்கள். ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். விடுதலைக்குப் பிறகும் காடு என்றால் வனத்துறை, வனத்துறை என்றால் காக்கி உடுத்திய ஆண்கள். 1966-இல் உருவான இந்திய வனப் பணியில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1980-இல். இதை மட்டும் படிப்பவருக்குப் பெண்கள் இந்தத் துறைக்குத் தாமதமாக வந்தார்கள் என்றே தோன்றும். தென்னிந்தியாவின் கதை அப்படி இல்லை. அவர்கள் முன்பே வந்துவிட்டார்கள், வேறு வழியாக வந்தார்கள்: சென்னையின் மகளிர் கல்லூரிகள் வழியாக, ஆய்வுக்கூட மேசைகள் வழியாக, அரசுக்கு வெளியே இயங்கிய சிறு அமைப்புகள் வழியாக. எந்த வழியாக வந்தார்கள் என்பதே எதைக் கவனித்தார்கள் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது என்பது என் வாதம்.

இ.கே. ஜானகியம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1931-இல் முனைவர் பட்டம். அவருடைய துறை உயிரணு மரபியல். வேர் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணும் வேலை. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் பேய்க்கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பைச் சோளம், மூங்கில் முதலியவற்றோடு கலப்பினம் செய்தார். பிறகு இங்கிலாந்தில் சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-இல் வெளியிட்டார். 1951-இல் நேருவின் அழைப்பின்பேரில் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். பாதுகாப்பு உணர்வு இந்த எண்ணிக்கை வேலைக்குள்ளிருந்தே அவருக்குப் பிறந்தது என்று நினைக்கிறேன். ஒரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனவர், அந்தப் பகுதியில் இருந்த ஒரே மரமும் எரிக்கப்பட்டுவிட்டதைத்தான் கண்டார். எண்ணுவதற்கு மரமே இல்லை என்றால் ஆய்வாளருக்கு அது வெறும் வருத்தமாக நிற்காது, தரவு இழப்பாகிவிடும். மனிதர் புவியின் முகத்தை எப்படி மாற்றினார்கள் என்று விவாதிக்க 1955-இல் பிரின்ஸ்டனில் கூடிய புகழ்பெற்ற கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்.

தாவரவியலாளரைக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காட்டுயிர் என்றாலே புலியும் யானையும்தான் என்ற கணக்கும் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன சொத்து. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றை மறித்து நீர்மின் அணை கட்ட 1970-களில் கேரளம் முனைந்தபோது, எதிர்ப்பின் முகமாகச் சிங்கவால் குரங்கு நின்றது. அந்தக் குரங்கு வாழ்வது பழ மரங்களின் உச்சிக் கிளைகளில். எண்பது வயதை நெருங்கிய ஜானகியம்மாள், நீரில் மூழ்கவிருந்த அந்த மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கத் துணிந்தார். சாகும்வரை அவர் வேலை பார்த்த இடம் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் மதுரவாயல் கள ஆய்வகம். 1984 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவர் மதுரவாயலில் இருந்த காலத்தில், கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு எத்திராஜ் கல்லூரியின் விலங்கியல் மாணவி ஒருவர் தன்னார்வலராக வந்துகொண்டிருந்தார். 1959-இல் பிறந்த ஜெ. விஜயா, எல்லோருக்கும் விஜி. இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆமை வணிகத்தை ஆராய அவர் நாடு முழுக்க மீன் சந்தைகளில் அலைந்தார். மேற்கு வங்கக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் கூட்டங்கூட்டமாக அறுக்கப்படுவதை அவர் பதிவு செய்தார். படங்கள் இந்தியா டுடேயில் வெளிவந்து, இந்திரா காந்தி கடலோரக் காவல் படையை ஆமைகளின் பாதுகாப்புக்கு முடுக்கிவிடும் அளவுக்குப் போயின. பிறகு சூரல் ஆமை. சென்னை அருங்காட்சியகத்தின் ஹென்டர்சன் 1912-இல் கொச்சி சமஸ்தானக் காட்டிலிருந்து கிடைத்த இரண்டே மாதிரிகளை வைத்து விவரித்த இனம் அது. அதன் பிறகு சுமார் 70 ஆண்டுகள் அதைப் பற்றி அறிவியலுக்குத் தகவலே இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் உயிரினம். வெண்கல நிற ஓட்டில் நீளவாக்கில் மூன்று வரம்புகள், மூக்கின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. குளத்திலோ ஆற்றிலோ தேடினால் கிடைக்காது, மழைக்காட்டுத் தரையின் சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். 1982-இல் சாலக்குடிக் காடுகளில் காடர் மக்களின் உதவியோடு விஜி அதைக் கண்டெடுத்தார். காட்டுக்குள் ஒரு குகையில் தங்கி அதை ஆராய்ந்தார். 1987-இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில் இறந்துபோனார். 2006-இல் அந்த ஆமைக்கெனத் தனிப் பேரினம் வகுத்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதற்கு விஜயாகெலிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான பாராட்டு ஒன்று வரும்: பெண்களுக்குச் சிறிய உயிர்கள்மேல் இயல்பாகவே பரிவு அதிகம், அதனால்தான் ஆமையும் வேர் நுனியும். பாராட்டு மாதிரி இருக்கும் இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மீன் சந்தையில் ரத்தச் சேற்றில் நின்று, அறுபட்ட ஆமைகளைக் கணக்கெடுப்பது பரிவால் மட்டும் நடக்கிற காரியமா? இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாம்புகளையும் ஆமைகளையும் ஆண்களும்தானே ஆராய்ந்தார்கள்? பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும், கடலாமைகளுக்காகவே வாழ்ந்த சதீஷ் பாஸ்கரும் ஆண்கள். உண்மை. ஆனால் அவர்களும் துறைக்கு வெளியே நின்று வேலை பார்த்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் பட்டியலில் சேர்க்காத உயிர்கள் அந்த வெளியாட்களின் கையில் வந்து சேர்ந்தன. ஆண்களுக்கு வெளியே நிற்பது பல வழிகளில் ஒன்று. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. வேறுபாடு கதவில் இருந்தது.

அடுத்த தலைமுறையில் இந்த வெளி வேலைகள் துறையின் நடுவுக்கே வந்துவிட்டன. களக்காடு-முண்டந்துறையில் பழுப்பு மரநாயை ஆராய்ந்த திவ்யா முடப்பா, இரவில் பழம் தின்று எச்சத்தோடு விதை பரப்பும் அந்த விலங்கின் வழியாகக் காட்டைப் படித்தார். பிறகு வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டுபட்டுக் கிடக்கும் மழைக்காட்டைச் சோலை மரக் கன்றுகளால் மீட்கும் பணியில் இறங்கினார். பெங்களூரில் உமா ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கூடம் புலியின் எச்சத்திலிருந்தும் மரபணுத் தரவைப் பிரித்தெடுக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் சிலவற்றுக்குக் கோடுகள் அகன்று உடலே கறுத்துத் தெரிவதற்கு ஒற்றை மரபணு மாற்றம் காரணம் என்று அந்தக் குழு 2021-இல் காட்டியது. தனித்துப்போன சிறு கூட்டத்துக்குள்ளேயே புலிகள் பெருகியதால் அந்த மாற்றம் அங்கே பரவியிருக்கிறது என்பது அதன் பொருள். புலியைக் காலடித் தடத்தால் எண்ணிய நாடு அதை மரபணுவால் எண்ணத் தொடங்கியபோது, ஜானகியம்மாளின் நுண்ணோக்கி மேசை காட்டுக்குள் வந்துவிட்டது.

இவர்களெல்லாம் படித்த குடும்பத்து விதிவிலக்குகள் என்ற ஆட்சேபத்தில் பாதி சரி. ஜானகியம்மாளின் தந்தை நீதித்துறை அதிகாரி. ஆனாலும் தீயர் சாதியில் பிறந்த, மணமாகாத அந்தப் பெண் கோவையில் சந்தித்த பாகுபாடு அவர் நாட்டை விட்டுப் போகக் காரணங்களில் ஒன்று. மீதிப் பாதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சூரல் ஆமை கிடைத்தது காடர்களின் அறிவால். வடநெம்மேலி முதலைப் பண்ணையை ஒட்டி இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருளர் பெண்களும் வேலை பார்க்கிறார்கள். வளையைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அவர்களை எந்த விஞ்ஞானிப் பட்டியலும் சேர்த்துக்கொள்வதில்லை. பெண்களுக்குக் கதவு திறந்தது என்று எழுதும்போது எந்தப் பெண்களுக்கு என்றும் எழுத வேண்டும்.

இன்று வனத்துறையிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் களத்தில் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர்களில் பலர், ஆணோ பெண்ணோ, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். முகாமில் கதவுள்ள கழிப்பறை, பிரசவ விடுப்புக்குப் பிறகும் தொடரும் ஊதியம், ஆய்வுக் கட்டுரையில் உள்ளூர் வழிகாட்டியின் பெயர்: கேட்பது இவ்வளவுதான். இவற்றைத் தராத நிறுவனம் மகளிர் தினத்தன்று ஜானகியம்மாள் படத்துக்கு மாலை போடுவதில் பயனில்லை.