இலவச டிவியும் எஸ்எம்எஸ் ஓட்டும்

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது ரேஷன் கார்டில். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. அதுவரைக்கும் டிவி என்றால் எதிர்வீட்டு ஜன்னல்தான். அவங்க சேனல் மாத்தினா நாங்களும் மாறணும். அவங்க தூங்கப்போனா நாங்களும் கிளம்பணும்.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று கருணாநிதி அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதே 2006ல்தான் விஜய் டிவியில் சூப்பர் சிங்கரும் ஜோடி நம்பர் ஒன்னும் தொடங்கின. இரண்டும் ஒரே வருஷம் வந்தது தற்செயல்தான். ஆனால் முதல்முறையாகச் சொந்த டிவி பார்த்த ஒரு தலைமுறைக்கு, டிவி என்றாலே பாட்டுப் போட்டி என்று பதிந்துபோனதில் தற்செயல் எதுவும் இல்லை.

ரியாலிட்டி ஷோவின் வரலாற்றை வழக்கமாக 1999ல் நெதர்லாந்தில் வந்த பிக் பிரதரிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்புறம் 2004ல் இந்தியன் ஐடல். சரிதான். ஆனால் அப்பாவைக் கேட்டால் இலங்கை வானொலியிலிருந்து ஆரம்பிப்பார். பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' அவருக்கு அப்படி உயிர். அது பிறகு சன் டிவிக்கும் வந்தது. சாதாரண ஆட்கள் வந்து பாடினார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். எல்லாமே அங்கேதான் மாறியது என்று நினைக்கிறேன். ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில், என் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் என்று எங்கே போனாலும் எங்களை யாராவது எடைபோட்டுக்கொண்டே இருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் ராத்திரி மட்டும் அம்மா நீதிபதி. "சுருதி சேரலடா" என்பாள். அவள் சங்கீதம் படித்தவளில்லை. ஓட்டு எஸ்எம்எஸ்ஸுக்குச் சாதாரண எஸ்எம்எஸ்ஸைவிட அதிகக் காசு. பத்து ஓட்டு போட்டால் என் ரீசார்ஜ் காலி. தேர்தலில் ஓட்டுக்குப் பணம் வாங்குகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் பணம் கொடுத்து ஓட்டு போட்டோம்!

நான் படித்தது சிதம்பரத்தில். அங்கே நடராஜர் கோயிலில் 1981ல் தொடங்கிய நாட்டியாஞ்சலி, சிவராத்திரியை ஒட்டி வருஷாவருஷம் நடக்கும். எங்கெங்கிருந்தோ வந்து ஆடிவிட்டுப் போவார்கள். மார்க் கிடையாது, எலிமினேஷன் கிடையாது. கூட்டம் வரும், ஆனால் மறுநாள் டீக்கடையில் யாரும் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. ஜோடி நம்பர் ஒன்னுக்குப் போட்டார்கள்.

இசைக் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் ஒரு சேனலின் தேர்வுக்கு சென்னை போனான். குரல் பிடித்துவிட்டது. அடுத்த கேள்வி, "உங்க கதை என்ன?" அப்பா கிளார்க், கடன் இல்லை, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்க என்றிருக்கிறான். "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். ரொம்ப நாள் அவனை "ஏன்டா, உனக்கு ஒரு கஷ்டம்கூட இல்லையா?" என்று கிண்டல் செய்தோம். பிறகுதான் உறைத்தது. எங்களுக்கும் வெறும் குரல் போதவில்லை. கஷ்டப்பட்ட பையன் என்று தெரிந்தால் அம்மா சுருதியை மன்னித்துவிடுவாள். தேர்வு செய்தவர்களுக்கு அம்மாவை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2017 ஜூன் 25ல் கமல்ஹாசனோடு தமிழ் பிக் பாஸ் வந்தபோது பாட்டும் தேவைப்படவில்லை, ஆள் இருந்தால் போதும். அந்த பிப்ரவரியில்தான் கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்டதை மாநிலமே டிவியில் பார்த்தது. அந்த வீட்டைப் பொறுத்தவரை நமக்கு ஓட்டு இல்லை. இந்த வீட்டுக்கு இருந்தது, அதுவும் கூகுளில், இலவசமாக. மீம் போட்ட பாதிப் பேருக்கு இந்த ஒப்பீடு அப்போதே தோன்றியிருந்தது.

அம்மா ஓவியா கட்சி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் போனை வாங்கி ஓட்டு போட்டுவிட்டுத்தான் படுப்பாள். ஆகஸ்டில் ஓவியா வெளியே போனார். யாரும் ஓட்டு போட்டு அனுப்பவில்லை, மன உளைச்சலில் தானாகவே கிளம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம். இத்தனை ஓட்டும் எதுக்கு?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போகட்டும்டா. அந்தப் பொண்ணு இனிமேலாச்சும் நிம்மதியா தூங்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் மறுபடியும் போனைக் கேட்டாள்.