போர்வீரரும் நெஞ்சுப் படபடப்பும்

தேர்வு மண்டபத்தின் வாயிலில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கிச் சற்று நேரத்தில் அது தணிந்துவிடுகிறது. இது நோயன்று. ஆயின், தேர்வும் இல்லாமல், எதிரே புலியும் இல்லாமல், உழைத்துப் பொருளீட்டும் வயதினர் ஒருவருக்கு இதே படபடப்பு நாள்தோறும் வந்து, வேலைக்குப் போகவொட்டாமல் தடுக்குமாயின் அதனை என்னென்பது? இவ்வினாவுக்கு விடை தேடி மருத்துவ உலகம் நெடுங்காலம் அலைந்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்து இராணுவ மருத்துவமனையில் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்பார் பணியாற்றினார். இளம் வீரர் பலர் ஒரே முறையீட்டுடன் அவரிடம் வந்தனர். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மார்பு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றனர். அவர் நாடியை எண்ணினார். மார்பொலியைக் கூர்ந்து கேட்டார். துடிப்பு மிகுந்திருந்ததேயன்றி, பெரும்பாலோரது இருதயத்தின் அமைப்பிலே பழுது புலப்படவில்லை. ஆயினும் ‘ஒன்றுமில்லை, போ’ என்று அவர் எவரையும் விரட்டினாரல்லர். முந்நூறுக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, 1871இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். ‘எரிச்சலுற்ற இருதயம்’ என்பது அவர் இட்ட பெயர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஓயாத நடை ஆகியவற்றைக் காரணமாகக் கருதி, ஓய்வும் டிஜிட்டாலிஸ் மருந்தும் கொடுத்தார். அதற்கு முந்திய ஆண்டிலே மயர்ஸ் என்ற ஆங்கிலேய இராணுவ மருத்துவர், இறுக்கமான சீருடையின்மேல் பழியைப் போட்டிருந்தார்!

அச்சம் என்ற சொல் மட்டும் எளிதில் எழவில்லை. வீரனை ‘அஞ்சினான்’ என்பது கோழை என்பதற்கு ஒப்பாகுமன்றோ? அத்தயக்கமே விடையைத் தாமதப்படுத்தியது என்பது என் எண்ணம். 1895இல் பிராய்டு, படபடப்பும் மூச்சுத்திணறலும் உள்ள பதற்ற நோயைப் பொதுவான நரம்புத் தளர்ச்சியினின்று பிரித்துக் காட்டினார். அப்படியிருந்தும், முதல் உலகப் போரின்போது தாமஸ் லூயிஸ் இதனை உடலுழைப்பின் விளைவாகவே நோக்கினார். படிப்படியான உடற்பயிற்சியால் வீரர் பலரைத் தேற்றினார் என்பதையும் சொல்லவேண்டும். 1941இல்தான் பால் வுட் என்னும் இருதய மருத்துவர், இக்குறிகள் உழைப்பின் குறிகளல்ல, அச்சத்தின் குறிகளே என்று தெளிவாக நிறுவினார். டா கோஸ்டாவின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 70 ஆண்டுகள்!

அஞ்சும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது, இருதயம் விரைகிறது. மூச்சை மிகையாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். இவற்றைக் கண்டு ‘சாகப்போகிறோம்’ என்று நோயாளி மேலும் அஞ்சுகிறார். அதனால் படபடப்பு மேலும் ஏறுகிறது. வலி கற்பனையன்று, அதன் ஊற்றுக்கண்தான் வேறு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில், திடீரென வந்து தணியும் பீதி நோயையும், ஓயாது நீடிக்கும் பொதுப் பதற்ற நோயையும் தனித்தனியே வகுத்தது. மருந்தும், அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சியும் இன்று பலருக்குக் குணமளிக்கின்றன.

என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், வகுப்பில் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமுறை உட்கார்ந்துவிட்டார். இருதயச் சோதனையில் குறையில்லை என்றதும், நாங்கள் சிலர் அவர் விடுப்புக்காக நடிக்கிறார் என்று பேசினோம். அப்பேச்சில் எனக்கும் பங்குண்டு. மூன்றாம் முறை பார்த்த மருத்துவர் ஒருவரே அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுத்தார்.