விழுகிறவரைத் தாங்கிய வலையும் காற்றுப் பையும்



பனையிலிருந்து விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதைன்னு நம்ம பக்கத்திலே சொல்லுவாங்க. ஒரு கஷ்டத்துக்கு மேலே இன்னொரு கஷ்டம் வந்தா இந்தப் பழமொழி வாயிலே வந்துடும். ஆனா மாட்டைப் பற்றிப் பேசுகிற நாம், பனையிலிருந்து விழுந்தவனைப் பற்றி நின்று யோசிக்கிறதில்லை. அவன் விழாமல் இருக்க வழி இருந்ததா? விழுந்தபோது தாங்குவதற்குக் கீழே ஏதாவது இருந்ததா?

உயரத்தில் வேலை செய்கிறவர்களைத் தாங்கிப் பிடிக்க மனிதர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், துணியிலும் கயிற்றிலும் தொடங்கி, காற்றடைத்த பை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை இன்றைக்குச் சொல்கிறேன். தென்னை ஏறுகிறவர், பனை ஏறுகிறவர், சாரத்தில் நின்று கட்டட வேலை செய்கிறவர் இல்லாத ஊர் நம்மிடம் ஏது? ஆகவே இது நமக்கும் வேண்டிய சங்கதிதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஐம்பது அடித் தென்னையிலிருந்து ஒருவர் விழுந்தால் தரைக்கு வர இரண்டு விநாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர். வேகமாய்ப் போகிற பஸ்ஸின் வேகம் அது.

நம்ம பிள்ளைகள் வைக்கோல் போரிலே குதித்து விளையாடுகிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. அதே உயரத்திலிருந்து களத்துத் தரையிலே குதித்தால் கால் பிசகிவிடும். காரணம் என்ன? வைக்கோல் ஒரு முழம் அமுங்கிக் கொடுக்கிறது. அந்த ஒரு முழத்துக்குள்ளே வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தரை அமுங்குவதில்லை. அதனால் வேகம் முழுவதும் ஒரே அடியாக எலும்பிலே இறங்குகிறது. வேகம் அடங்குவதற்குக் கிடைக்கிற தூரம் பத்து மடங்கு கூடினால், உடம்பில் விழுகிற அடி பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகிற எல்லாக் கருவிகளும் இந்த ஒரே கணக்கில்தான் வேலை செய்கின்றன.

கையில் பிடித்த துணி

1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக்காரரான தாமஸ் பிரௌடர் என்பவர் ஒரு வலைக்குக் காப்புரிமை வாங்கினார். வட்டமான சட்டத்திலே ஸ்பிரிங் வைத்துத் துணியைக் கட்டியது. தீப்பிடித்த வீட்டின் கீழே தீயணைப்பு வீரர்கள் சுற்றி நின்று அதைப் பிடித்துக்கொள்வார்கள். மாடியில் மாட்டிக்கொண்டவர் அதிலே குதிப்பார். இப்படிப் பல உயிர்கள் பிழைத்தன.

ஆனால் 1911 மார்ச் 25-இல் நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. தொழிற்சாலை இருந்ததோ எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில். வெளியே போகிற ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. பயந்துபோன பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சேர்ந்தும் குதித்தார்கள். வலைகள் கிழிந்துபோயின. அந்தத் தீயில் மொத்தம் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். எந்தக் கருவிக்கும் ஒரு அளவு உண்டு, அந்த அளவைத் தாண்டினால் அது உதவாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பாலத்தின் கீழே கட்டிய வலை

அதற்குப் பிறகு வந்தது கோல்டன் கேட் பாலம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் கடல் வாயிலைக் கடக்கிற பாலம் இது. 1933-இல் வேலை தொடங்கி 1937-இல் முடிந்தது. பாலம் தண்ணீருக்கு மேலே 200 அடிக்கும் அதிக உயரம். கீழே குளிர்ந்த நீரோட்டம், மேலே பனிமூட்டம், ஓயாத காற்று.

அந்தக் காலத்தில் பாலம் கட்டுகிறவர்களிடம் ஒரு கொடிய கணக்கு இருந்தது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஒரு உயிர் போகும் என்பார்கள். இந்தப் பாலத்துக்கு மூன்றரைக் கோடி டாலர். அப்படியென்றால் 35 பேர் சாகத்தான் வேண்டும் என்று ஆகிறது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பாலத்தின் அடியிலே, இரண்டு பக்கமும் பத்து அடி வெளியே நீட்டிக்கொண்டு, மணிலாக் கயிற்றாலே ஒரு பெரிய வலை கட்டினார். செலவு ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல். தலைக்கவசம் போடாதவருக்கு வேலை கிடையாது, வலை இருக்கிற தைரியத்தில் மேலே நின்று வித்தை காட்டுகிறவருக்கும் வேலை கிடையாது என்று கண்டிப்பு செய்தார்.

பலன் என்ன தெரியுமா? 19 பேர் தவறி விழுந்து அந்த வலையிலே பிழைத்தார்கள். 'நரகத்துக்குப் பாதி வழி போய் வந்தவர்கள் சங்கம்' என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வேலை தொடங்கி மூன்றரை வருஷத்துக்கும் மேலாக அங்கே ஒரு உயிரும் போகவில்லை. 1936 அக்டோபரில் ஒருவர் இறந்தார். பிறகு 1937 பிப்ரவரி 17 காலையில், பாலத்தின் அடியிலே தொங்கிய டன் கணக்கான எடையுள்ள வேலைத்தளம் பிடிப்பு விட்டு வலைமேல் விழுந்தது. வலை மனிதரைத் தாங்கக் கட்டியது. அந்தப் பளுவை அது தாங்கவில்லை. கிழிந்துபோய், தளத்தோடு 12 பேரைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர் இரண்டே பேர். மொத்தத்தில் 11 உயிர் போனது. 35 போகும் என்று கணக்குப் போட்ட இடத்தில் 11. அந்த 11-இல் 10 ஒரே காலையில் போனது.

காற்று வந்து சேர்ந்தது

வலைக்கு ஒரு குறை உண்டு. அதைக் கட்ட மேலேயும் பக்கத்திலேயும் பிடிமானம் வேண்டும். அது இல்லாத இடத்தில் என்ன செய்வது? காற்றை மெத்தையாக்கினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஜான் ஸ்கர்லாக் என்ற பொறியாளர் 1958 வாக்கில் டென்னிஸ் மைதானத்தை மூடுவதற்குக் காற்றடைத்த உறை செய்துகொண்டிருந்தார். அவருடைய வேலையாட்கள் அதன்மேல் குதித்து விளையாடுவதைப் பார்த்தார். அதிலிருந்து பிள்ளைகள் குதிக்கிற காற்று வீடு பிறந்தது. திருவிழா மைதானங்களில் நாம் பார்க்கிறோமே, அதுதான். உயரத்திலிருந்து குதிக்கிறவர்களைத் தாங்க தீயணைப்புப் படை விரிக்கிற காற்று மெத்தையையும் அவரே உருவாக்கினார்.

டிராக்டர் டியூபிலே இறுக்கமாகக் காற்றடித்து அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும்? பந்து மாதிரி தூக்கி எறியும். ஆகவே காற்று மெத்தையை அப்படிச் செய்வதில்லை. அதன் பக்கவாட்டிலே காற்று போகத் திறப்புகள் இருக்கும். ஆள் விழுந்ததும் காற்று அந்த வழியாக வெளியேறும். மெத்தை மெதுவாக அமுங்கும். ஆள் துள்ளாமல் உள்ளே இறங்குவார். ஓடிக்கொண்டேயிருக்கிற விசிறி மறுபடி காற்றை நிரப்பும். நம்ம வைக்கோல் போர் செய்கிற வேலைதான்.

இதற்கும் அளவு உண்டு. சினிமாவில் உயரத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கும் இந்த மெத்தைதான். 1978-இல் அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் ஏ. ஜே. பக்குனாஸ் என்ற சண்டைக் கலைஞர் 300 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து, ஒரு படத்துக்காகக் குதித்தார். மெத்தையின் மேலேதான் விழுந்தார். ஆனால் பை கிழிந்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை.

பெரிய உயரத்தைவிடச் சின்ன உயரத்தில்தான் இந்தப் பை நன்றாக உதவுகிறது. வீடு கட்டும்போது ஆறடி, எட்டடி உயரத்தில் உத்தரம் போடுகிறவருக்கு மேலே கயிறு கட்ட இடமில்லை. கட்டினாலும் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வேலைக்குக் கீழே காற்றுப் பைகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்புகிறார்கள். 2005-ஆம் ஆண்டு அந்த நாட்டில் வந்த உயர வேலைச் சட்டத்திலேயே காற்றுப் பைக்கும் ஒரு விதி இருக்கிறது. பை ஆடாமல் அசையாமல் நிலையாக இருக்க வேண்டும் என்கிறது அது.

உடம்பிலே போடுகிற பை

ஹங்கேரி நாட்டு தமாஷ் ஸ்ட்ராப் என்பவர் 1976-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் காற்றுச் சட்டை ஒன்றுக்கு வழி சொன்னார். 1990-களின் கடைசியில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. சட்டைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கயிறு. ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு, சின்ன குப்பியிலே அடைத்த வாயு சட்டையை ஊதவைக்கும். பிறகு இதையே கட்டடத் தொழிலாளர்களுக்கும் செய்தார்கள். அதிலே கயிறு கிடையாது. ஆள் விழத் தொடங்கியதை ஒரு மின்னணுக் கருவி கண்டுபிடித்துப் பையைத் திறந்துவிடும். பத்தடியிலிருந்து தரைக்கு வர முக்கால் விநாடிதான். அதற்குள் எல்லாம் நடந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தச் சட்டை கழுத்து, முதுகெலும்பு, மார்பு ஆகியவற்றைக் காக்கத்தான் செய்தது. பை ஊதினாலும் அதன் கனம் சில அங்குலம்தான். நாம் முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஐம்பது அடியின் வேகம் சில அங்குலத்திலே அடங்குமா? அடங்காது. தென்னை ஏறுகிறவரைக் காப்பாற்றும் என்று யாராவது இதை விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள்.

இடுப்பிலே கயிறு கட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. விழுகிறபோது முழு வேகமும் வயிற்றிலே இறுகி, குடலையும் ஈரலையும் நசுக்கும். அதனாலேதான் அமெரிக்காவில் விழுகிறவரைத் தாங்குவதற்கு இடுப்பு பெல்ட்டை 1998 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிணைக்கிற வார்ப்பட்டைதான் சரியானது. அடி உடம்பு முழுக்கப் பரவிவிடும்.

வரிசை மாறக் கூடாது

இங்கிலாந்துச் சட்டம் ஒரு வரிசை சொல்கிறது. முதலில், உயரத்துக்கு ஏறாமலே வேலை முடியுமா என்று பார். முடியாவிட்டால், விழாமல் இருக்க வழி செய். அதுவும் முழுதாக முடியாதபோதுதான், விழுந்தால் தாங்குவதற்கு ஏற்பாடு செய். வலையும் காற்றுப் பையும் இந்தக் கடைசிப் படியில்தான் வருகின்றன.

இதை நம்ம தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எட்டுகிற மரத்துக்குத் தொரட்டி போதும். புதிதாக இளநீருக்குத் தென்னை வைக்கிறவர் சாவக்காடு ஆரஞ்சு மாதிரிக் குட்டை இரகம் வைக்கலாம். அது முதல் படி. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏறும் கருவியும் வார்ப்பட்டையும் வேண்டும். கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கி, கருவியால் மரம் ஏற இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மரம் ஏறுகிறவர்களுக்கென்று கேர சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் வாரியத்திடம் உண்டு. மழை பெய்து மட்டை வழுக்குகிற நாளில் ஏற்றாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான். அதற்குக் காசு செலவில்லை.

கடைசியாக ஒன்று. கோல்டன் கேட் பாலத்து வலைக்குக் கூலிக்காரர்கள் காசு போடவில்லை. பாலத்தின் செலவிலேயே அது சேர்ந்தது. காய் வெட்ட ஆள் கூப்பிடுகிற தோப்புக்காரரும் இதை நினைக்க வேண்டும். உரத்துக்கும் தண்ணீருக்கும் கணக்கு வைக்கிறபோது, மரம் ஏறுகிறவருடைய வார்ப்பட்டைக்கும் காப்பீட்டுக்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவர் விழுந்துவிட்டால், மாடேறி மிதிப்பது அவரை மட்டுமல்ல, அவர் பெண்டாட்டி பிள்ளைகளையும்தான்.