எமக்கு முன் நடந்தவர்கள்

நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடத் தொடங்கியபோது, 1995 இடப்பெயர்வில் தப்பிய ஒரு தகரப் பெட்டி எமக்குக் கிடைத்தது. கறையான் அரித்தது போக அதனுள் இருபது படங்கள்வரை இருந்தன. மண்டபப் படிகளில் வரிசையாக நிற்கும் ஆசிரியைகள், வலைப்பந்தாட்ட அணி, பரிசளிப்பு விழா. ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தோம். மூன்றில் மட்டுமே பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மூத்த அக்காமார் சிலரைத் தொலைபேசியில் கேட்டோம். "அந்த ரீச்சரை நல்லாத் தெரியும், பேர்தான் வாயிலை வருகுதில்லை" என்றார்கள்.

நல்லவர்கள் இறந்த பின்னும் வாழ்கிறார்கள் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் செய்தவை வாழ்கின்றன என்பது உண்மைதான். செய்தவரின் பெயரோ தானாக அவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எமது வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்கு வந்த எங்களுக்கு இது மிகத் தாமதமாகவே புரிந்தது. அதைப் புரியவைத்தவர் வைத்திய கலாநிதி மேரி இரட்ணம்.

1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த மேரி ஏர்வின், பெண்களை மருத்துவம் படிக்க விடுவதா என்று உலகம் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில் ரொறன்ரோவில் அதைப் படித்து முடித்தவர். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்ய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது. 1896இல் புறப்பட்டவர், இலங்கைக்கு வருமுன் நியூயோர்க்கில் எஸ். சி. கே. இரட்ணம் என்ற யாழ்ப்பாணத் தமிழரை மணந்துகொண்டார். தமிழருக்குப் பணிசெய்ய அனுப்பியவர்கள், தமிழரை மணந்தவரை ஏற்க மறுத்தார்கள். இணுவிலில் அவருக்கென இருந்த பணி இல்லாமற் போயிற்று. அப்போது அவருக்கு வயது 23.

ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றி, பின் தனியாக வைத்தியம் செய்தார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, நோயை மறைத்து வைத்திருந்த பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் கேட்டறிந்தவையே அவரை வைத்திய அறைக்கு வெளியே கொண்டுவந்தன. மருந்து கொடுத்து அனுப்பிய பெண் அதே இருட்டறைக்கும் அதே பழக்கங்களுக்கும் திரும்பிப் போனால் நோயும் திரும்பி வரும். எனவே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பெண்கள் சங்கங்களை அமைத்தார். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே வெட்கத்துக்குரியதாக இருந்த 1930களில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோது அதில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். டொனமூர் ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. 1931இல் அது ஆண்களுக்குப் போலவே 21 வயதிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததால், வடக்கில் இருந்த எங்கள் பூட்டிமார் தமக்குக் கிடைத்த வாக்கைப் பயன்படுத்த 1934 இடைத்தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார். சபைக்குச் சென்ற முதல் தமிழ்ப் பெண் அவரே.

மேரி இரட்ணம் 1930இல் தொடக்கிய லங்கா மகிளா சமிதி, கிராமத்துப் பெண்களைக் கூட்டிச் சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், கைத்தொழில் ஆகியவற்றைக் கற்பித்தது. தாம் பிறந்த மாகாணத்தில் கமக்காரப் பெண்கள் நடத்திய சங்கங்களைப் பார்த்துக் கிடைத்த யோசனை அது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல், 85ஆம் வயதில், மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் இந்த மண்ணிலேயே காலமானார்.

இன்று எங்கள் மகப்பேற்று விடுதிக்கு வரும் தாய் கையில் பதிவட்டையோடு வருகிறாள். குடும்பநல உத்தியோகத்தர் அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். இரத்த அழுத்தமும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதப்பட்டிருக்கின்றன. 1930களில் இந்நாட்டில் 1 இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 40க்கும் குறைவு. இதைத் தனியொருவர் சாதிக்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதற் சுகாதாரப் பிரிவு, பயிற்சி பெற்ற மருத்துவ மாதுகள், இலவசக் கல்வி, இலவச வைத்தியம் எல்லாம் சேர்ந்து செய்தவை. ஆனாலும் பெண்ணுடைய உயிர் கணக்கெடுக்கப்பட வேண்டியது என்று முதலில் உரத்துச் சொன்னவர்களுள் மேரி இரட்ணமும் இருந்தார். இணுவில் வைத்தியசாலையைக் கடந்து பலமுறை போன எங்களுக்கு, அங்கே வரவிருந்து வர முடியாமற் போனவரைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

இன்னொருவரின் பெயரோ எமக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருந்தது. 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள், யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி வைத்திய கலாநிதி ராஜினி திராணகம, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. நாம் அப்போது சின்ன வகுப்புகளில் இருந்தோம். வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது நினைவிருக்கிறது. இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்தவர், அங்கேயே இருந்துவிட வழியிருந்தும் திரும்பி வந்தார். வைத்தியர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நாட்களில் மருத்துவ பீட மாணவருக்குப் படிப்பித்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதி வைத்தார். பின்னாளில் அதே துறையில் முதன்முதல் கத்தியைக் கையிலெடுத்த நாளில், அவர் நின்று படிப்பித்த இடம் இது என்று எங்களுள் ஒருத்தி மெல்லச் சொன்னாள். அன்று யாருக்கும் கை நடுங்கவில்லை.

ஊர் அறிந்த இவ்விருவரோடு, ஊர் அறியாத ஒருவரையும் இங்கே நிறுத்த விரும்புகிறோம். அவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் எம்மோடு நடந்தவர். சில வாரங்களில், வேறொரு பாடசாலை வளவில், ஓலைக் கொட்டில் ஒன்றில் எமக்கு வகுப்புத் தொடங்கினார். ஆய்வுகூடமும் இல்லை, படமும் இல்லை. ஒருநாள் இறைச்சிக்கடையில் வாங்கிய ஆட்டு இதயத்தை வாழையிலையில் வைத்துக்கொண்டு வந்தார். சவர அலகால் வெட்டி நான்கு அறைகளையும் விரித்துக் காட்டினார். "விரலை விட்டுப் பாருங்கோ பிள்ளையள், வால்வு எந்தப் பக்கம் திறக்குது எண்டு" என்றார். அந்தக் கொட்டிலில் இருந்தவர்களில் நால்வர் இன்று வைத்தியர்கள். இதய ஒலியைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வாழையிலை எங்கள் கண்முன் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அஞ்சலிக் குறிப்பு எழுதக் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலுமிருந்து சூம் வழியே கூடினோம். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் எங்கே படித்தார், அவருக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் யார், அகதியாக வந்த இடத்தில் அந்த இதயத்தை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பவற்றில் ஒன்றுகூட எமக்குத் தெரியாது என்று. அவர் உயிரோடு இருந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். படிப்பும் வேலையும் பிள்ளைகளும் என்று நாட்களைக் கடத்திவிட்டோம். இந்தக் குற்றம் எங்களுடையது.

ஆகவே இம்மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களை உருவாக்கிய ஒருவரைப் பற்றி, அவர் ஆசிரியையாகவோ விடுதிப் பொறுப்பாளராகவோ வாயிற்காவலராகவோ இருக்கட்டும், ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். புகழ்ச்சி வேண்டாம். அவர் செய்த ஒரு காரியம், சொன்ன ஒரு சொல், ஆண்டு, இடம் போதும். அவர் இன்னும் எம்மோடு இருந்தால் முதலில் அவரையே அழைத்துக் கேளுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறம் தெரிந்த பெயர்களைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

தகரப் பெட்டியில் இருந்த படங்களில் பதினொன்றுக்கு இதுவரை பெயர்கள் கிடைத்துள்ளன. மீதியை இம்மலரின் இறுதிப் பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, கண்ணாடி அணிந்து நிற்பவரை உங்களுள் யாருக்காவது தெரியுமா?