மிதிவண்டியும் 'வண்டி' என்னும் சொல்லும்

தெருவில் நடப்போரும் ஊர்ந்து செல்வோரும் இடம்பற்றிப் பிணங்குதல் பழைமையுடைத்து. இங்கிலாந்தில் அப்பிணக்கு ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நின்றமையை ஈண்டு ஆராய்வாம். 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி செலுத்துதலையும், அடங்கா வேகத்தில் ஓட்டுதலையும் விலக்கிற்று. மிதிவண்டியோ அந்நாளில் வழக்கில் இல்லை. 1879இல் கடுகி மிதித்தான் ஒருவன்மீது வழக்கு எழ, அவன் ஊர்ந்ததும் 'வண்டி'யே என மன்றம் துணிந்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிசெய்து, பிறரைக் கடக்குங்கால் மணியாலோ வேறுவகையாலோ ஒலியெழுப்புமாறும் விதித்தது. அப்பெயரால் மிதிப்போர்க்குத் தளையோடு சாலையுரிமையும் வாய்த்தது. (தமிழ் 'மிதிவண்டி' என்றே வழங்குதலின் நமக்கு இவ்வையம் எழாது.)

இறங்கித் தள்ளிச் செல்வார் யார் என்பதே அரிய வினா. 1950இல் குடிமயக்கத்தில் மிதிவண்டியைத் தள்ளிச் சென்றவன், வண்டிக்குப் பொறுப்பாளனாகவே கொள்ளப்பட்டான். 1980ஆம் ஆண்டு வழக்கிலோ, நடப்போர் கடவையில் மிதிவண்டியைத் தள்ளிச் சென்ற பெண்ணொருத்தியைக் கார் மோதியது. கீழ்மன்றம் அவரை நடப்பவராகக் கொள்ளவில்லை, மேல்மன்றம் கொண்டது. இதனை முரண் என்பார் உளர், அன்று என்பேம். முன்னதில் காக்கப்படுவார் பிறர். பின்னதில் காக்கப்படுவார் அவரே. எனினும், ஒரு காலை மிதியில் ஊன்றி உந்திச் சென்றிருப்பின் அவர் நடப்பவராகார் என்றும் அத்தீர்ப்புக் கூறுகின்றது.