வினையறியா உயிரின் மறுமை: குழந்தை இறப்பும் சமயக் கொள்கைகளும்

1542ஆம் ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சேவியர், பரதவர் ஊர்கள்தோறும் சென்று குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபையினருக்கு அவர் எழுதிய கடிதம் இந்தியச் சமய வரலாற்றாய்வில் பலராலும் எடுத்தாளப்படுவது. முழுக்களித்துக் களைத்த கைகளைப் பற்றிய பகுதியே பெரிதும் பேசப்படுகிறது. அக்கடிதத்தின் இறுதிப் பகுதி அந்த அளவு கவனம் பெறவில்லை. தமக்காக இறைவனிடம் பரிந்து மன்றாடுவோர் என்று அவர் அங்கே நாடுவது, தம் கையால் முழுக்குப் பெற்றுக் குற்றம் அறியும் பருவத்துக்கு முன்னரே இறந்துபோன குழந்தைகளை. அவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருப்பர் என்பது அவர் கணிப்பு.

ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலத்தில், கடற்கரை ஊர்கள் சிலவற்றில், ஆயிரம் குழந்தைகளின் சாவு. இன்று படிப்பவர் நெஞ்சை முதலில் தாக்குவது இந்த எண்ணிக்கையே. சேவியர் இதனை இரங்கற் செய்தியாக எழுதவில்லை. அக்குழந்தைகள் விண்ணகத்தில் உள்ளனர் என்னும் உறுதியோடு எழுதுகிறார். அதே ஊரில், அதே நோயில், நீர் வார்க்கப்படுவதற்கு முதல்நாள் இறந்த குழந்தை எங்கே சென்றது என்பதற்கு அக்காலத் திருச்சபை வைத்திருந்த விடை வேறு. அந்த விடை உருவான வரலாறும், அது இந்திய மண்ணில் ஏற்கெனவே இருந்த கொள்கைகளிலிருந்து வேறுபடும் இடங்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

மறுமை என்பது அவரவர் வினைக்கோ நம்பிக்கைக்கோ சடங்குக்கோ கிடைக்கும் பயன் என்று கொள்ளும் எந்தச் சமயத்துக்கும் குழந்தையின் சாவு ஓர் இடர்ப்பாடு. வினை செய்யாத, நம்பவும் மறுக்கவும் அறியாத உயிருக்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? கோட்பாட்டின் வலிமையையும் மென்மையையும் இந்த ஓரிடத்தில் தெளிவாகக் காணலாம்.

அகுஸ்தீனும் அவருக்குப் பின்னும்

பிறப்புநிலைப் பாவம் என்பது ஆதாமின் வழியாக மாந்தர் அனைவருக்கும் வந்து சேர்ந்தது என்பதைப் பெலாஜியுசு மறுத்தார். முழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு இறையாட்சி இல்லாவிடினும் இன்பமான வேறொரு வாழ்வு உண்டு என்று அவர் தரப்பினர் கருதினர். வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் இந்த இடைநிலையை ஏற்கவில்லை. குழந்தைகளுக்கும் முழுக்கு வேண்டும் என்றால், கழுவப்பட வேண்டிய ஒன்று அவர்களிடம் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். 418இல் கூடிய கார்த்தேசுச் சங்கம் பிறப்புநிலைப் பாவத்தை உறுதிசெய்தது. முழுக்கின்றி இறந்த குழந்தைகள் தண்டனைக்கு உரியோரே, ஆயின் அத்தண்டனை எல்லாவற்றினும் மென்மையானது என்று அகுஸ்தீன் எழுதினார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவது எளிது. ஆயின் 415இல் எரோணிமுசுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை பற்றிய வினாவுக்கு வரும்போது தாம் பெரிதும் இடர்ப்படுவதையும் விடை காண இயலாமையையும் அவரே வெளிப்படுத்துகிறார். தம் தருக்கத்தின் முடிவு தமக்கே உவப்பில்லாதபோதும் அதனைக் கைவிட அவர் முன்வரவில்லை.

அடுத்த எண்ணூறு ஆண்டுகளில் இக்கடுமை படிப்படியாகத் தளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்து, அக்குழந்தைகளுக்கு உள்ள தண்டனை இறைவனைக் காணாமை மட்டுமே என்றார். 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்டு இதே வேறுபாட்டை ஒரு கடிதத்தில் வரையறுத்தார்: பிறப்புநிலைப் பாவத்துக்கு இறைக்காட்சி இழப்பு, தானே செய்த பாவத்துக்கு நரக வேதனை. தாமசு அக்குவினாசு இன்னும் ஓரடி முன்சென்றார். தாம் எதை இழந்தோம் என்று அறியாதவர்க்கு இழப்பின் துயர் இல்லை. ஆகவே அக்குழந்தைகள் இயற்கையான மகிழ்வோடு இருப்பர் என்பது அவர் முடிபு. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வழங்கிய பெயரே லிம்போ. ஆடையின் கரை, விளிம்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. நரகத்தின் விளிம்பு; ஆயினும் நரகின் நெருப்பு இல்லாத இடம். தாந்தே தம் காப்பியத்தில் குழந்தைகளையும் கிறித்துவுக்கு முற்பட்ட சான்றோரையும் இவ்விடத்தில் ஒருங்கே வைத்தார்.

லிம்போ என்றுமே வரையறுக்கப்பட்ட விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அது இறையியலாரின் கருத்து. எனினும் கோட்பாட்டுக்குரிய செல்வாக்கு அதற்கு இருந்தது. கயத்தான் என்னும் கர்தினால், கருவிலேயே இறக்கும் குழந்தையைப் பெற்றோரின் விருப்பமே மீட்கக்கூடும் என்று எழுதியிருந்தார். 1570ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பகுதி திருத்தந்தை ஐந்தாம் பயசின் ஆணையால் நீக்கப்பட்டது.

இறகின் அசைவு

பெற்றோர் இறையியலாரின் முடிபுக்காகக் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அண்மையில் உள்ள ஓபர்பூரனில் பதினைந்தாம் நூற்றாண்டில் மாதா திருத்தலம் ஒன்று இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளைத் தொலைவிலிருந்தும் அங்குக் கொண்டுவந்தனர். கனன்ற கரிக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் இடையே உடலைக் கிடத்திச் சூடேற்றுவர். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பர். இறகு அசைந்தால் உயிர் மீண்டது என்று கொண்டு உடனே முழுக்களித்து அங்கேயே அடக்கம் செய்வர். கான்ஸ்டன்சு ஆயர் இதனைக் கண்டித்து 1486இல் உரோமைக்கு எழுதினார். இவ்வாறு முழுக்குப் பெற்றவை இரண்டாயிரத்துக்கு மேல் என்று அம்முறையீடு கூறுகிறது. 1528இல் பெர்னில் நிகழ்ந்த சமயச் சீர்திருத்தம் இத்திருத்தலத்துக்கு முடிவு கட்டியது. 1992 முதல் 1997 வரை அங்கு நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. குறைமாதக் கருக்களும் அவற்றுள் அடங்கும்.

சூட்டினால் எழும் காற்று இறகை அசைக்கும் என்பதை அங்கிருந்தோர் அறியாமல் இருந்திருப்பர் என்று கொள்ள வேண்டுவதில்லை. முழுக்குப் பெறாத குழந்தைக்குத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. அக்குழந்தையை வேலிக்கு வெளியே புதைக்க மனமில்லாத தாய் தந்தையருக்கு அந்த ஓர் அசைவு போதுமானதாக இருந்தது. சேவியர் கடற்கரைக்கு வந்த அதே 1542இல், கருச்சிதைவுற்ற தாயர்க்கு ஆறுதல் கூறி மார்ட்டின் லூதர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாயின் சொல்லப்படாத ஏக்கத்தையே இறைவன் மன்றாட்டாக ஏற்பான் என்பது அதன் கருத்து. உரோமையோடு முரண்பட்ட லூதரும் உரோமைக் கர்தினாலான கயத்தானும் இந்த ஒன்றில் மிக அணுகி வருவது வியப்புக்குரியது. 1518இல் ஆக்சுபர்கில் லூதரை எதிர்நின்று விசாரித்தவர் இக்கயத்தானே.

இந்திய மரபுகள்

சேவியர் காலடி வைத்த நாட்டில் இவ்வினா வேறு வகையில் எதிர்கொள்ளப்பட்டிருந்தது. மறுபிறப்புக் கொள்கையில் குழந்தையும் முன்வினையோடு பிறந்த உயிர். சாவு அவ்வுயிரின் பயணத்தில் ஒரு கட்டம். ஆகவே என்றென்றைக்குமான இழப்பு என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை. இக்காரணத்தால் இந்திய நூல்கள் குழந்தையின் மறுமையைக் காட்டிலும் குழந்தையின் சடங்கைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. இரண்டு வயது நிரம்பாத குழந்தையை அணி செய்து ஊர்ப்புறத்தே புதைக்க வேண்டும், எரியூட்டலும் நீர்க்கடனும் இல்லை என்று மனுநூலின் ஐந்தாம் இயல் விதிக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் இதனையே கூறும். அடுத்த செய்யுளில் மனு ஒரு தளர்வு தருகிறார்: பல் முளைத்திருந்தாலோ பெயரிடப்பட்டிருந்தாலோ விரும்பினால் நீர்க்கடன் செய்யலாம். விதியின் நடுவே பெற்றோருக்காகத் திறந்துவைக்கப்பட்ட இச்சிறு வழி நுணுகி நோக்கத்தக்கது. பெயரிட்டு அழைத்த குழந்தையை ஒன்றும் செய்யாமல் விட இயலாது என்பதைச் சட்டநூலும் உணர்ந்திருக்கிறது.

இவ்வழக்கின் தொன்மை நூல்களுக்கும் முற்பட்டது. புணே மாவட்டத்து இனாம்காவில் 1968 முதல் 1983 வரை தெக்காணக் கல்லூரி நிகழ்த்திய அகழாய்வில், செம்புக்கற்கால மக்கள் குழந்தைகளை இரு தாழிகளை வாயோடு வாய் பொருத்தி, அவற்றினுள் இட்டு, வீட்டுத் தரையின்கீழ்ப் புதைத்தமை வெளிப்பட்டது. தாயின் கருப்பையைத் தாழி குறிக்கிறது என்று பொருள் கொள்வாரும் உளர். அது ஊகமே. குழந்தையை வீட்டை விட்டு அகற்றவில்லை என்பது மட்டும் மண் தரும் சான்று.

தமிழில் இது தொடர்பாகத் தவறாது காட்டப்படுவது புறநானூற்று 74ஆம் பாட்டு. சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற்கோட்டத்துச் சிறையில் இருந்த சேரமான் கணைக்காலிரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வர, அதனை உண்ணாது பாடியது என்று அதன் கொளு கூறும். இறந்து பிறந்த குழந்தையையும் உருப்பெறாத தசைப்பிண்டத்தையும்கூட வாளால் பிளந்தே அடக்கும் குடிவழக்கம் அப்பாட்டில் சுட்டப்படுகிறது. வீரர் புகும் துறக்கத்தைக் குழந்தைக்கும் உறுதிசெய்யவே இவ்வாறு செய்தனர் என்பது பரவலான விளக்கம். ஆயின் 74ஆம் பாட்டில் துறக்கம் பற்றிய குறிப்பு இல்லை. அவ்விளக்கம் ஔவையாரின் 93ஆம் பாட்டிலிருந்து வருவது. நோயால் மாண்ட அரசரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் போழ்ந்து, வீரர் செல்லும் உலகுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே பேசப்படுகிறது. இரண்டையும் இணைத்துப் பொருள் காண்பது பொருந்துமாயினும், இணைப்பது உரைகாரரும் ஆய்வாளருமே என்பதை மறத்தல் ஆகாது. 74ஆம் பாட்டு நேரே சொல்வது குடிமானம்: உருவற்ற பிண்டமும் அக்குடியின் ஆண்மகனே. மறுமையைவிட, இறந்த சிசுவை ஓர் ஆளாக ஏற்பதா என்பதே அங்கு வினா.

இசுலாமிய மரபில் இறந்த குழந்தையின் நிலை இன்னும் தெளிவானது. பிறப்புநிலைப் பாவம் என்னும் கருத்தே அங்கு இல்லை. ஒவ்வொரு குழந்தையும் இயல்பான தூய்மையோடு பிறக்கிறது. சோலையில் இப்ராகீம் நபியைச் சூழ்ந்து குழந்தைகள் நிற்பதை நபிகள் கனவில் கண்டதாகவும், இணைவைப்போரின் குழந்தைகளும் அவர்களுள் உளர் என்று கூறியதாகவும் புகாரீ தொகுப்பில் நபிமொழி உண்டு. இறந்த குழந்தை பெற்றோருக்காகப் பரிந்துரைக்கும் என்றும் நம்பப்படுகிறது. எனினும் தருக்கம் அங்கும் ஓயவில்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்-அஷ்அரீ தம் ஆசிரியர் அல்-ஜுப்பாயியிடம் மூன்று உடன்பிறந்தார் பற்றிக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. ஒருவன் நல்லவனாகவும் ஒருவன் தீயவனாகவும் வளர்ந்து இறந்தனர். மற்றவன் குழந்தையிலேயே இறந்தான். உயர்பதம் அடைய எனக்கேன் வாழ்நாள் தரவில்லை என்று குழந்தை கேட்டால், நீ வளர்ந்தால் தீயவனாவாய் என்பதை அறிந்தே அழைத்துக்கொண்டேன் என்பான் இறைவன். அவ்வாறாயின் என்னையும் ஏன் சிறுவயதில் அழைக்கவில்லை என்று நரகிலிருந்து தீயவன் கேட்பானே என்றாராம் மாணவர். ஆசிரியரிடம் விடையில்லை. கதை நிகழ்ந்ததோ புனைந்ததோ, குழந்தையின் சாவு எந்த அறநெறிக் கணக்குக்கும் அடங்குவதில்லை என்பதை இதைவிடச் சுருங்கக் கூறுதல் அரிது.

உறவின் திசை இம்மரபுகளில் மாறுவதும் கருதத்தக்கது. தென்புலத்தார் வழிபாட்டில் இறந்தோர் உயிருள்ளோரின் நீரையும் பிண்டத்தையும் எதிர்நோக்குகின்றனர். அவ்வரிசையில் குழந்தைக்கு இடமில்லை. இசுலாமிய நம்பிக்கையிலும் சேவியரின் கடிதத்திலும் இறந்த குழந்தையே உயிருள்ளோருக்கு உதவுகிறது.

2007க்குப் பின்

1794இல் திருத்தந்தை ஆறாம் பயசு, லிம்போவைப் பெலாஜியக் கட்டுக்கதை என்ற பிஸ்தோயா மன்றத்தின் கூற்றைக் கண்டித்தார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முழுக்கின்றி இறந்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மாற்றம் முதலில் வந்தது சடங்கில்தான். 1969இல் வெளியான அடக்கச் சடங்குமுறை, முழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கும் மன்றாட்டுகளை வகுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1183ஆம் விதி, பெற்றோர் முழுக்களிக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயர் இசைவுடன் அடக்கச் சடங்கை அனுமதித்தது. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் லிம்போ என்னும் சொல்லையே இவ்விடத்தில் ஆளாமல், அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. அனைத்துலக இறையியல் குழு 2007 ஏப்ரலில் வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. உறுதியான அறிவு என்று சொல்லாமல், நம்பிக்கை என்ற அளவில் அது நின்றது. லிம்போ ஒழிக்கப்பட்டது என்று செய்தித்தாள்கள் எழுதியமை மிகை. இறையியல் கருத்து என்ற நிலையில் அது இன்றும் தொடரலாம் என்பதே ஆவணத்தின் நிலை.

கோட்பாடு தளர்ந்தபின்னும் சட்டத்தில் பழைய அவசரம் எஞ்சியிருக்கிறது. சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்குக் காலந்தாழ்த்தாமல் முழுக்களிக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 867ஆம் விதி. அடுத்த விதியின் இரண்டாம் பிரிவு, அவ்வாறு சாகும் தறுவாயில் உள்ள குழந்தையின் பெற்றோர் கத்தோலிக்கர் அல்லாதவராயினும், அவர்கள் விரும்பாவிடினும், முழுக்களிப்பது முறையானதே என்று கூறுகிறது.