வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கப் போறீங்களா? கணவரையோ மனைவியையோ கூட்டிட்டுப் போக முடியுமா?

ஹைதராபாத் மௌலா அலியில் ஒரு தமிழ்த் தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனைவி, ராஜேந்திரநகர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி முடித்தவர். கணவருக்கு ஹைடெக் சிட்டியில் ஐடி வேலை. ஒரு நாள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து மனைவிக்கு அட்மிஷன் மெயில் வருகிறது. சந்தோஷம் அடங்கியதும் வீட்டில் எழும் கேள்வி இதுதான்: "நானும் கூட வரலாமா? வந்தா வேலை பார்க்க விடுவாங்களா?"

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. எந்த நாடு என்பதோடு, எந்தப் பட்டம் என்பதும் சேர்ந்துதான் பதிலைத் தீர்மானிக்கிறது. 2025 நிலவரப்படி முக்கிய நாடுகளின் விதிகளைப் பார்ப்போம்.

முதலில், நீங்கள் படிக்கப் போவது எது?

'வெளிநாட்டில் வெட்னரி' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு பாதைகள் உண்டு.

ஒன்று, மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள உதவும் தொழில்முறைப் பட்டம். அமெரிக்கா, கனடாவில் டி.வி.எம், பிரிட்டனில் பி.வி.எம்.எஸ் போன்றவை. 4 முதல் 5 ஆண்டுகள் ஆகும், செலவும் மிக அதிகம்.

இன்னொன்று, இங்கே பி.வி.எஸ்சி முடித்தவர்கள் சேரும் எம்.எஸ், பிஎச்.டி. இதில் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பிஎச்.டி முடித்ததாலேயே அந்த நாட்டில் மருத்துவம் பார்க்கும் உரிமை வந்துவிடாது. அதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டும்.

சில நாடுகளில் பிஎச்.டி மாணவரின் துணைக்குக் கதவு திறந்திருக்கும், இளநிலை மாணவரின் துணைக்கு மூடியிருக்கும். அதனால் அட்மிஷன் கடிதத்தில் பட்டத்தின் பெயரையும் நிலையையும் முதலில் பாருங்கள்.

கனடா: வெட்னரிக்குச் சாதகமான விதி

கனடா 2025 ஜனவரி 21 முதல் மாணவர்களின் துணைவர்களுக்கான ஓப்பன் ஒர்க் பெர்மிட்டைச் சுருக்கியது. 16 மாதங்களோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்முறைப் பட்டங்கள் ஆகியவற்றில் சேர்பவரின் துணைக்கு மட்டுமே இப்போது அந்த அனுமதி. அந்தத் தொழில்முறைப் பட்டியலில் டி.வி.எம் இடம்பெற்றுள்ளது. அதாவது, நம் உதாரணத்தில் வரும் ஐடி கணவர் அங்கே எந்த நிறுவனத்திலும் வேலை தேடலாம்.

சிக்கல் சீட்டில்தான். நாடு முழுவதும் 5 கால்நடை மருத்துவக் கல்லூரிகள் மட்டுமே உள்ளன. அதில் ஒன்று பிரெஞ்சு மொழியில் கற்பிக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு.

ஆஸ்திரேலியா: சேர்ந்து போகலாம், ஆனால் மறைக்கக் கூடாது

மாணவர் விசாவில் (சப்கிளாஸ் 500) துணையையும் சேர்க்கலாம். பொதுவாகத் துணைவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். மாணவர் முதுநிலை அல்லது முனைவர் படிப்பைத் தொடங்கிவிட்டால் துணைவருக்கு இந்த மணிக்கணக்கு இல்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டி.வி.எம், பெயரில் 'டாக்டர்' இருந்தாலும், அந்நாட்டுத் தகுதி வரிசையில் முதுநிலைப் பட்டம். பிற பல்கலைக்கழகங்களில் 5 ஆண்டு இளநிலைப் பட்டமாகவும் வெட்னரி உண்டு. இந்த வித்தியாசம் துணைவரின் சம்பளத்தையே மாற்றும்.

செலவையும் கணக்கில் வையுங்கள். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக மாணவர் 29,710 ஆஸ்திரேலிய டாலரும், துணைக்காகக் கூடுதலாக 10,394 டாலரும் காட்ட வேண்டும். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. மருத்துவக் காப்பீடு இருவருக்கும் சேர்த்து எடுக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: "முதல்ல நான் போயிடறேன், அவரை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்று திட்டமிட்டாலும், முதல் விண்ணப்பத்திலேயே துணையின் விவரத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள். அப்போது சொல்லாமல் விட்டால், பின்னர் குடும்பமாகச் சேர்வதில் பெரிய சிக்கல் வரும்.

பிரிட்டன்: பெரும்பாலானோருக்குக் கதவு மூடியாச்சு

2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், பிஎச்.டி உள்ளிட்ட ஆராய்ச்சிப் பட்ட மாணவர்களும், 6 மாதத்துக்கு மேற்பட்ட படிப்பை அரசு உதவித்தொகையில் படிப்பவர்களும் மட்டுமே துணையை அழைத்துச் செல்ல முடியும். 5 ஆண்டு வெட்னரி பட்டத்துக்கும் வகுப்பறை வழி எம்.எஸ்சிக்கும் இந்த வசதி இல்லை.

தகுதி உள்ளவர்கள் துணைக்காக லண்டனில் மாதம் 845 பவுண்டு, வெளியே 680 பவுண்டு என்று 9 மாதங்கள் வரைக்கான தொகையைக் காட்ட வேண்டும். சுகாதாரக் கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு முடிந்து ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வெட்னரி டாக்டராக வேலை கிடைத்தால், அப்போது துணை வரலாம். அதுவரை பிரிந்திருக்கும் 5 ஆண்டுகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அமெரிக்கா: கூட இருக்கலாம், சம்பாதிக்க முடியாது

எஃப்-1 மாணவரின் கணவரோ மனைவியோ எஃப்-2 விசாவில் போகலாம். டி.வி.எம்மா, பிஎச்.டியா என்ற பேதம் இதில் இல்லை. ஆனால் எஃப்-2வில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பகுதிநேரமாகப் படிக்கலாம். முழுநேரமாகப் படிக்க வேண்டுமென்றால் எஃப்-1க்கு மாற வேண்டும்.

ஜே-1 விசாவில் போகும் ஆராய்ச்சி மாணவரின் துணைக்கு ஜே-2. இதில் தனியாக விண்ணப்பித்து வேலை அனுமதி பெறலாம். ஆனால் அரசு நிதியில் போகும் சில ஜே-1காரர்களுக்கு, படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பல்கலைக்கழகம் இரண்டில் எதை வேண்டுமானாலும் தரத் தயாராக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஜெர்மனி: மொழிதான் நுழைவுச் சீட்டு

ஹானோவர், பெர்லின், லைப்சிக், மியூனிக், கீஸன் என ஐந்து இடங்களில் கால்நடை மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. மருத்துவராகும் படிப்பு முழுக்க ஜெர்மன் மொழியில்தான். குடும்ப விசாவில் வரும் துணைக்கும் பொதுவாக ஏ1 அளவு ஜெர்மன் தேவை. ஆனால் விசா கிடைத்துவிட்டால் துணைவர் வேலைக்குப் போகத் தடையில்லை.

இன்னும் கல்யாணம் ஆகல, என்ன செய்யறது?

அமெரிக்காவின் எஃப்-2, சட்டப்படி மணமானவர்களுக்கு மட்டும். கனடாவில் 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் போதும். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாதங்கள் இணைந்து வாழ்ந்த உறவு ஏற்கப்படும். பிரிட்டனில் 2 ஆண்டு உறவைக் காட்ட வேண்டும். இந்த மூன்று நாடுகளிலும் ஒருபாலின இணையர்களுக்கும் இதே விதிதான். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த பில்கள் ஆகியவைதான் சாட்சி. பிஜி ஹாஸ்டலில் தனித்தனியாக இருந்துகொண்டு இதை நிரூபிப்பது கஷ்டம்.

தமிழர்களுக்கு வரும் தனிச் சிக்கல்

பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரின் விரிவு, திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கும். விசா அதிகாரிக்கு அது மூன்று ஆளாகத் தெரியலாம். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒழுங்குபடுத்துங்கள். கணவர் பெயரைச் சர்நேமாக மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அடுத்தது, பதிவு. கோயிலில், மண்டபத்தில் நடந்த திருமணத்துக்குப் பத்திரிகையும் ஆல்பமும் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் கல்யாணம் முடித்த கையோடு ஹைதராபாத் திரும்பி, பதிவை மறந்துவிடுபவர்கள் பலர். விசா நேரத்தில் லீவு போட்டு ஊருக்கு ஓட வேண்டியிருக்கும்.

டிக்கெட் போடும் முன் பேச வேண்டியவை

வெட்னரி கல்லூரிகள் பல பெருநகரங்களில் இருப்பதில்லை. கனடாவின் சாஸ்கட்டூன், அமெரிக்காவின் புல்மன், ஆஸ்திரேலியாவின் வாகா வாகா போன்ற சிறு நகரங்களில் ஓப்பன் ஒர்க் பெர்மிட் இருந்தாலும் உங்கள் துறையில் வேலை இருக்குமா என்று பாருங்கள்.

கடைசி ஆண்டுகளில் மருத்துவமனைப் பயிற்சி, இரவு டியூட்டி, பண்ணை விசிட் என மாணவர் வீட்டில் இருக்கும் நேரமே குறையும். வேலையும் நண்பர்களும் இல்லாத ஊரில் துணைவர் தனியாக இருக்க நேரிடும்.

இருவரில் ஒருவர் சம்பளம் 4, 5 ஆண்டுகளுக்கு நின்றால் வீட்டுக் கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை யார் பார்ப்பது? வேலையை விடாமல் நீண்ட விடுப்போ, அந்த நாட்டுக் கிளைக்கு மாற்றலோ கிடைக்குமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால், அந்த வெளிநாட்டுப் பட்டம் 1984 இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டதா என்பதையும் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் இங்கே பதிவு செய்து மருத்துவம் பார்க்க முடியாது.

விசா விதிகள் சில மாதங்களில்கூட மாறுகின்றன. கன்சல்டன்சி சொல்வதோடு நிறுத்தாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். மௌலா அலி தம்பதிக்கு வந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டியவர் ஒருவர்தான். ஆனால் அந்த முடிவை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும்.